கரண்ட் போனால் அழிந்துபோகும் குறிப்பு: வைஃபை ரூட்டரின் சிஸ்டம் லாக்கை எங்கே சேமிப்பது?

அக்கா வீட்டு மாடியில் டியூஷன் நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மாலை ஆறரைக்கு வருவார்கள். சில நாட்கள் ஏழு மணி வாக்கில் வைஃபை போய்விடும். இரண்டு நிமிடத்தில் தானாகவே திரும்பி வந்துவிடும் என்றாலும், அதற்குள் ஓடிக்கொண்டிருந்த பாட வீடியோ நின்று, பிள்ளைகளின் கவனம் கலைந்து, அக்காவுக்குக் கோபம் வந்திருக்கும். ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டுத்தான் எனக்குப் போன் செய்வாள். நான் போய் லாக் பக்கத்தைத் திறந்தால், அணைத்துப் போட்ட பிறகு எழுதப்பட்ட வரிகள் மட்டும் இருக்கும்.

"அணைக்காம விட்டிருக்கலாம்ல அக்கா?" என்று கேட்டால், "பிள்ளைங்க உட்கார்ந்திருக்கும்போது நான் உன் லாக்கைக் காப்பாத்திக்கிட்டு இருக்க முடியுமாடா?" என்பாள். அவள் கேட்பது நியாயம்தான்.

ஒருநாள் நான் சொன்னபடியே ரூட்டரைத் தொடாமல் வைத்திருந்தாள். அன்றும் லாக்கில் ஏழு மணிக்கு முந்தைய ஒரு வரிகூட இல்லை. அந்த வெற்றிடமே பெரிய தடயம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. லாக்கை எங்கே சேமிக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்த பிறகுதான் உறைத்தது. வீட்டிலோ கடையிலோ விடுதியிலோ வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், இது உங்களுக்கும் உதவும்.

லாக் என்பது ரூட்டர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. ரூட்டர் ஒரு சின்னக் கணினி. பெரும்பாலானவற்றின் உள்ளே லினக்ஸ்தான் ஓடுகிறது. அதில் ஒரே சமயத்தில் பல நிரல்கள் வேலை செய்கின்றன. ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரல் வைஃபையின் வாசற்காவலர். கடவுச்சொல் சரியா என்று பார்த்து உள்ளே விடுவது அதன் வேலை. டிஎன்எஸ்மாஸ்க் என்ற இன்னொன்று உள்ளே வந்த கருவிக்கு ஐபி முகவரி கொடுக்கும். அடியில் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் ஏதாவது நடக்கும்போது ஒரு வரி எழுதும். ஒரு போன் வைஃபையில் சேர்ந்தால், 'இந்த முகவரிக்காரர் வாசலுக்கு வந்தார்', 'இணைக்கப்பட்டார்', 'சாவி பரிமாற்றம் முடிந்தது', 'ஐபி கேட்டார்', 'ஐபி கொடுத்தேன்' என்று ஐந்தாறு வரிகள் வரிசையாக விழும். போன் விலகினாலும் வரி விழும். பல சமயம் காரணமும் கூடவே இருக்கும்: தானாகப் போனதா, வெகுநேரம் பதில் இல்லாததால் ரூட்டரே வெளியேற்றியதா என்று.

இந்த வரிகளுக்கு ஒரு பொதுவான வடிவம் இருக்கிறது. அதற்குப் பெயர் சிஸ்லாக். 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளை எழுதிய எரிக் ஆல்மன், அதற்குத் துணையாக உருவாக்கியது. வசதியாக இருந்ததால் மற்ற நிரல்களும் அதையே பயன்படுத்தத் தொடங்கின. எழுத்தில் ஒரு வரையறையே இல்லாமல் இருபது ஆண்டுகள் போல ஓடியது. 2001இல், இணைய நடைமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் வந்த ஆர்எஃப்சி 3164 நடைமுறையில் இருந்ததை அப்படியே விவரித்தது. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 அதை முறைப்படுத்தியது.

சிஸ்லாக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தீவிர எண் உண்டு. 0 என்றால் கருவியே பயன்படுத்த முடியாத நிலை. 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரல் எழுதுபவர்களுக்கான நுணுக்க விவரம். எண் சிறியதாக இருந்தால் சங்கதி பெரியது. சில கருவிகளில் வரியின் தொடக்கத்தில் கூர் அடைப்புக்குள் 30 என்பது போன்ற ஓர் எண்ணைப் பார்ப்பீர்கள். எழுதியது எந்த வகை நிரல் என்ற எண்ணை 8ஆல் பெருக்கி, அதோடு தீவிர எண்ணைக் கூட்டி வருவது அது. பின்னணியில் ஓடும் நிரல்களின் வகை எண் 3. எனவே 3ஐ 8ஆல் பெருக்கி 6ஐக் கூட்டினால் 30: பின்னணி நிரல் ஒன்று சொன்ன சாதாரணத் தகவல்.

லாக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும். அது எங்கே இருக்கிறது என்பதில்தான் கவனம் தேவை.

ரேமில் சுற்றிச் சுற்றி எழுதுவது

எந்த அமைப்பையும் மாற்றாத ரூட்டர் பெரும்பாலும் லாக்கை ரேமில்தான் வைத்திருக்கும். ரேம் என்பது கரும்பலகை மாதிரி. வேகமாக எழுதலாம், அழிக்கலாம், எத்தனை முறை எழுதினாலும் தேயாது. ஆனால் மின்சாரம் போன கணம் பலகை துடைக்கப்பட்டுவிடும்.

அதிலும் முழுப் பலகை கிடைக்காது. ஒரு சின்ன மூலைதான் கிடைக்கும். அது நிரம்பியதும் பழைய வரிகள் மேல் புதிய வரிகள் எழுதப்படும். கடைகளில் மாட்டியிருக்கும் சிசிடிவி பெட்டி இத்தனை நாள் ஆனதும் பழைய படத்தை அழித்து அதன்மேல் எழுதுகிறதே, அதே முறைதான்.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்பது பல நிறுவன ரூட்டர்களில் ஏற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல இயங்குதளம். எல்லா அமைப்பும் வெளிப்படையாக இருப்பதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அக்கா வீட்டிலும் இதைத்தான் போட்டிருக்கிறேன். அதில் லாக்குக்கு ஒதுக்கப்படும் இடம் வெகுகாலம் 64 கிலோபைட்டாக இருந்தது. புதிய பதிப்புகளில் 128. சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு வரி சுமார் 110 எழுத்து. ஒரு போன் இணைவதற்கு ஆறு வரி என்றால் கிட்டத்தட்ட 700 பைட். 64 கிலோபைட்டில் சுமார் தொண்ணூறு இணைப்புகள்தான் கொள்ளும். நான்கு போன் இருக்கும் வீட்டுக்கு இது ஒரு நாளைக்கு மேல் வரலாம். பன்னிரண்டு பிள்ளைகள் போனோடு வந்து போகும் வீட்டுக்குப் போதாது. நாற்பது பேர் தங்கும் விடுதியில் காலையில் நடந்தது மதியத்துக்குள் அழிந்திருக்கும்.

இவ்வளவு சிக்கனம் ஏன் என்றால், இந்த இயங்குதளம் பிறந்த காலம் அப்படி. 2002 கடைசியில் விற்பனைக்கு வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டருக்காகத்தான் 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயரே அந்த ரூட்டரிலிருந்து வந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில் பெரும்பாலும் இருந்தது 16 மெகாபைட் ரேமும், மின்சாரம் போனாலும் அழியாத 4 மெகாபைட் ஃபிளாஷ் சேமிப்பும்தான். இன்றைய ரூட்டர்களில் 128, 256 மெகாபைட் ரேம் சாதாரணம். ஆகவே முதல் வேலையாக இந்த இடத்தைத் தாராளமாகக் கூட்டிவிடலாம். நிர்வாகப் பக்கத்தில் சிஸ்டம் மெனுவுக்குள் மறுபடியும் சிஸ்டம் என்பதைத் திறந்தால் லாக்கிங் என்று ஒரு தாவல் இருக்கும். அதில் பஃபர் அளவு என்ற பெட்டியில் 1024 என்று போட்டுச் சேமித்தால் ஒரு மெகாபைட் கிடைக்கும். 256 மெகாபைட் ரேம் உள்ள கருவியில் ஒரு மெகாபைட் போவது தெரியவே தெரியாது.

'நேற்று இரவு என்ன நடந்தது?' என்ற கேள்விக்குப் பல வீடுகளில் இது ஒன்றே போதும், இடையில் ரூட்டர் அணையாமல் இருந்தால். அந்த நிபந்தனைதான் சிக்கல். கோளாறு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது அணைத்துப் போடுவது. கோளாறே மின்தடையாகவும் இருக்கலாம். ரூட்டர் தானாக மறுதொடக்கம் ஆவதே நோயாகவும் இருக்கலாம். எந்தச் சம்பவத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறோமோ, அந்தச் சம்பவமே குறிப்பை அழித்துவிடுகிறது.

ஃபிளாஷில் எழுதலாமா?

அடுத்து எல்லோருக்கும் தோன்றும் யோசனை, ரூட்டரின் உள்ளேயே இருக்கும் ஃபிளாஷில் எழுதினால் என்ன என்பது. மின்சாரம் போனாலும் அது அழியாதே?

அழியாது. ஆனால் தேயும். ஃபிளாஷ் சில்லில் நினைத்த இடத்தில் ஒரு எழுத்தை மட்டும் மாற்ற முடியாது. ஒரு பெரிய கட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் மீண்டும் எழுத முடியும். ரூட்டர்களில் வழக்கமாக இருக்கும் நார் (NOR) வகைச் சில்லில் ஒரு கட்டம் பெரும்பாலும் 64 கிலோபைட்; அது சுமார் ஒரு லட்சம் முறை அழிப்பதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். அமைப்புகளை எப்போதாவது சேமிப்பதற்கு அது பல ஆயுளுக்குக் காணும். நாள் முழுக்க நிமிடத்துக்குப் பத்து வரி எழுதினால் கதை வேறு. அதோடு இடமும் குறைவு. 8 மெகாபைட் ஃபிளாஷில் இயங்குதளம் போக மிஞ்சும் இடத்தில் லாக் நிரம்பிவிட்டால், அடுத்த முறை வைஃபை கடவுச்சொல்லை மாற்றும்போது அது சேமிக்கப்படாமல் போகும். எனவே என் கருத்து திட்டவட்டமானது: ரூட்டரின் சொந்த ஃபிளாஷில் தொடர் லாக் எழுதாதீர்கள். ஒரு கோளாறைப் பிடிக்க இரண்டு நாள் எழுதிவிட்டு நிறுத்துவது வேறு விஷயம்.

லினக்ஸ் தெரிந்தவர்கள் இங்கே ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். மேசைக் கணினியில் 'வார்' என்ற அடைவுக்குள் 'லாக்' என்ற அடைவில் எழுதினால் அது வட்டில் பத்திரமாக இருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் 'வார்' என்பது 'டெம்ப்' அடைவுக்கான மறுபெயர்தான். 'டெம்ப்' முழுக்க ரேமில் இருக்கிறது. கோப்பாக எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். மறுதொடக்கம் ஆனதும் கோப்பும் இருக்காது. மைக்ரோடிக் ரூட்டர்களிலும் இதேபோல ஒன்று உண்டு. அதில் லாக்கை மெமரிக்கு அனுப்பவா, டிஸ்க்குக்கு அனுப்பவா, வேறு கணினிக்கு அனுப்பவா என்று விதி எழுதலாம். எதையும் மாற்றாவிட்டால் மெமரியில் 1000 வரிதான். டிஸ்க் என்று மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் கோப்புப் பட்டியலில் 'ஃபிளாஷ்' என்று தனியாக ஓர் அடைவு தெரிகிற சிறிய மாடல்களில், அந்த அடைவுக்கு வெளியே இருப்பதெல்லாம் ரேம்தான். கோப்பின் பெயரில் அந்த அடைவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்மையில் டிஸ்க்கில் எழுதும்.

ரூட்டரில் யூஎஸ்பி துளை இருந்தால் பென்டிரைவ் நல்ல நடுவழி. தேய்ந்தாலும் முந்நூறு நானூறு ரூபாயோடு போகும், ரூட்டர் தப்பிக்கும். அதை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். திடீர் மின்தடையில் ஃபேட்32 கெட்டுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு அதே லாக்கிங் தாவலில், கோப்பில் எழுது என்ற பெட்டியில் பென்டிரைவின் பாதையைக் கொடுக்க வேண்டும். பஃபர் அளவு என்று மேலே கொடுத்த எண்ணே கோப்புக்கும் வரம்பு. அதை எட்டியதும் பழைய கோப்பு '.0' என்ற வாலோடு ஓரமாக வைக்கப்பட்டு, புதுக்கோப்பு தொடங்கும். ஏற்கெனவே இருந்த '.0' போய்விடும். ஆகவே எப்போதும் கையில் இருப்பது அதிகபட்சம் அந்த அளவின் இரண்டு மடங்கு.

பென்டிரைவில் ஒரு ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. ரூட்டர் எழும்போது ஏதோ காரணத்தால் பென்டிரைவ் இணையாமல் போனால், அதற்காக வைத்திருந்த அடைவு வெறும் அடைவாக அங்கேயே இருக்கும். லாக் நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. அது பாட்டுக்கு அந்த அடைவில் எழுதும். அதாவது, எந்தச் சொந்த ஃபிளாஷைக் காப்பாற்றப் பார்த்தோமோ அதிலேயே. மாதம் ஒருமுறை சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்து பென்டிரைவ் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடுவது

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ரூட்டர் எழுதும் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் வீட்டிலுள்ள வேறொரு கணினிக்கு அனுப்பிவிடுவது. ரூட்டர் செத்தாலும், மறுதொடக்கம் ஆனாலும், யாராவது அதைக் கழற்றிக்கொண்டு போனாலும், அதுவரை எழுதியது வேறிடத்தில் பத்திரமாக இருக்கும்.

ரூட்டர் பக்கத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லாக்கிங் தாவலில் வெளி லாக் சர்வர் என்ற பெட்டியில் பெறும் கணினியின் முகவரியை, உதாரணமாக 192.168.1.10 என்று, கொடுக்க வேண்டும். போர்ட், அதாவது அந்தக் கணினியில் வரிகள் நுழையும் வாசல் எண், 514. அனுப்பும் முறை யூடிபி அல்லது டிசிபி.

யூடிபி என்பது அஞ்சலட்டை மாதிரி. எழுதிப் பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவர் பார்ப்பதில்லை. பெறும் கணினி அந்த நேரத்தில் அணைந்திருந்தால் அந்த வரிகள் போனவைதான். டிசிபி என்பது ஒப்புகை அட்டையோடு அனுப்பும் தபால் மாதிரி. சேர்ந்ததா என்று சரிபார்த்துக்கொள்ளும். ஒரே வீட்டுக்குள், கம்பியில் இணைந்த கணினிக்கு அனுப்ப யூடிபி தாராளமாகப் போதும். தொடங்குபவர்களுக்கு அமைப்பதும் எளிது. ஆனால் இரண்டிலும் வரிகள் வெறும் எழுத்தாகத்தான் போகின்றன, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வீட்டுக்கு வெளியே, இணையம் வழியாக அனுப்ப வேண்டிய நிலை வந்தால், மறையாக்கத்தோடு அனுப்பும் டிஎல்எஸ் முறை தேவை; அதற்கு போர்ட் 6514.

பெறும் பக்கத்துக்கு என்ன வேண்டும்? எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கணினி. பழைய லேப்டாப், ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி, கோப்புச் சேமிப்புக்காக வாங்கிய நாஸ் பெட்டி, எதுவும் சரி. சினாலஜி நாஸ் வைத்திருப்பவர்கள் லாக் சென்டர் என்ற செயலியைத் திறந்து பெறும் வசதியை இயக்கினால் முடிந்தது. அக்கா வீட்டில் நான் வைத்தது ராஸ்பெரி பை. லினக்ஸில் இந்த வேலைக்கு ஆர்சிஸ்லாக் என்ற நிரலைப் பயன்படுத்துவது வழக்கம். 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு முதல் அது இயல்பாக நிறுவப்பட்டு வருவதில்லை. பழைய பாடங்களைப் பார்த்துச் செய்பவர்கள் 'கோப்பே இல்லையே' என்று திணறும் இடம் இது. தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். அதன் அமைப்புக் கோப்பில் யூடிபி 514இல் கேட்பதற்கான இரண்டு வரிகள் ஏற்கெனவே எழுதப்பட்டு, தொடக்கத்தில் ஹேஷ் குறியிட்டு முடக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிகளை நீக்கி நிரலை மறுதொடக்கம் செய்தால் கேட்கத் தொடங்கிவிடும்.

வரிகள் வரவில்லை என்றால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, பெறும் கணினியின் ஃபயர்வால் 514ஐ அடைத்து வைத்திருக்கலாம். மற்றொன்று, அதன் முகவரி மாறியிருக்கலாம். நேற்று 192.168.1.10 ஆக இருந்தது இன்று 192.168.1.23 ஆகிவிட்டால் ரூட்டர் காலி வீட்டுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கணினிக்கு நிலையான முகவரியை ரூட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள். வட்டு நிரம்பாமலிருக்க, லாக்ரொட்டேட் என்ற நிரல் வாரம் ஒருமுறை கோப்பை மடித்து, சுருக்கி, குறிப்பிட்ட வாரங்களுக்குப் பிறகு பழையதை நீக்கும். ராஸ்பெரி பையின் மெமரி கார்டும் ஃபிளாஷ்தானே என்று கேட்கலாம். ஃபிளாஷ்தான். ஆனால் 32 ஜிகாபைட் இடம் இருப்பதால் தேய்மானம் பரவலாகப் பங்கிடப்படுகிறது, கெட்டாலும் மாற்றிக்கொள்ளலாம்.

514ஐ வீட்டுக்கு வெளியே திறந்து வைக்காதீர்கள். சாதாரண சிஸ்லாக் அனுப்பியவர் யார் என்று விசாரிப்பதே இல்லை. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் உங்கள் குறிப்பில் பொய் வரி எழுதலாம், வட்டையும் நிரப்பிவிடலாம்.

இதை அமைத்த மூன்றாம் நாள் மாலை அக்காவிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போல் ரூட்டரை அணைத்துப் போட்டிருந்தாள். இந்த முறை நான் கவலைப்படவில்லை. ராஸ்பெரி பையில் கோப்பைத் திறந்தேன். மாலை 6.58 வரை வரிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் போன்கள் ஒவ்வொன்றாக இணைந்தது தெரிந்தது. பிறகு சட்டென்று நின்றிருந்தது. எச்சரிக்கை இல்லை, பிழை இல்லை, யாரும் விலகியதாகக்கூட இல்லை. அடுத்த வரியே டிஎன்எஸ்மாஸ்க் புதிதாகத் தொடங்கிய செய்தி. கொஞ்சம் கீழே, அக்கா அணைத்துப் போட்டபோது இதே மாதிரி இன்னொரு முறை. அதாவது அக்கா தொடுவதற்கு முன்பே ரூட்டர் ஒருமுறை தானாக அணைந்து எழுந்திருக்கிறது. வைஃபை கோளாறு என்று நான் அலைவரிசையையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தேன். வைஃபைக்கு ஒன்றுமே இல்லை. தொடாமல் வைத்திருந்த அன்றும் லாக் வெறுமையாக இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இன்னும் இரண்டு முறை நடந்ததும் நேரங்களை ஒப்பிட்டேன். 6.58, 7.05, 7.02. கீழ்வீட்டில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரம் அது. மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டில் வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும். நல்ல அடாப்டர் அதைத் தாங்கிவிடும். ரூட்டரின் அடாப்டர் ஆறு வருடப் பழையது.

நேரம் தப்பினால் குறிப்பு தப்பு

மேலே நான் நேரங்களை ஒப்பிட்டேன் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். முதலில் அது முடியவில்லை. மறுதொடக்கத்துக்குப் பிந்தைய சில வரிகளில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி இருந்தது.

பெரும்பாலான ரூட்டர்களில் மேசைக் கணினியில் இருப்பதுபோல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. எழும்போது மணி என்னவென்று அதற்குத் தெரியாது. ஓப்பன்டபிள்யூஆர்டி அப்போது ஒரு தந்திரம் செய்யும்: தன் அமைப்புக் கோப்புகளில் எது கடைசியாக மாற்றப்பட்டதோ, அந்தத் தேதியைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். நான் மூன்று வாரத்துக்கு முன் கடைசியாக எதையோ மாற்றியிருந்தேன். இணையம் வந்து, என்டிபி சர்வரிடம் மணி கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். ரூட்டரில் என்டிபி இயங்குகிறதா என்று பாருங்கள். நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்றோ, இலங்கையில் இருந்தால் ஏசியா/கொழும்பு என்றோ வையுங்கள். விட்டுவிட்டால் லாக் உலகப் பொது நேரத்தில் எழுதும். மாலை 7 மணிச் சம்பவம் மதியம் 1.30 என்று தெரியும். அடுத்து, பெறும் கணினி வரிக்குள் இருக்கும் நேரத்தை மட்டும் நம்பாமல், தனக்கு அந்த வரி வந்து சேர்ந்த நேரத்தையும் பக்கத்தில் எழுதும்படி ஆர்சிஸ்லாக்கில் அமைக்கலாம். அதைச் செய்த பிறகுதான் எனக்கு மோட்டார் நேரம் பிடிபட்டது. ஆர்எஃப்சி 3164 வடிவத்தில் வரும் நேரத்தில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை என்பதால், பல மாதங்கள் சேர்த்து வைப்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

எதை எழுத வேண்டும் என்ற வடிகட்டலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாக்கிங் தாவலில் லாக் வெளியீட்டு நிலை என்று ஒன்று இருக்கும். அதைக் குறைத்தால் லாக் குறையும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அது கர்னல் செய்திகளில் எவை கன்சோல் திரையில் தெரிய வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்வது. சேமிக்கப்படும் லாக்கில் அதனால் மாற்றம் வராது. வைஃபை வரிகள் குறைய வேண்டுமானால் வயர்லெஸ் அமைப்பில் ரேடியோவின் லாக் நிலையை மாற்ற வேண்டும். அங்கே 2 என்பது இயல்பு நிலை. 0, 1 என்று இறக்கினால் வரிகள் கொட்டும், 3, 4 என்று ஏற்றினால் அடங்கும். ஐபி கொடுக்கும் வரிகளை டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில் அமைதிப்படுத்தலாம். கோளாறைத் தேடும்போது எதையும் குறைக்காதீர்கள்.

அந்த வரிகளில் மனிதர்கள் இருக்கிறார்கள்

இதை ஓரத்தில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. லாக்கில் போனின் மேக் முகவரியும் (வைஃபையில் அதை அடையாளம் காட்டும் எண்), பல சமயம் அதன் பெயரும் இருக்கும். போன் வாங்கியபோது வைத்த பெயரில் சொந்தக்காரரின் பெயரும் சேர்ந்தே வரலாம். யார் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பது அதைப் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தற்செயலாக உருவாக்கிய மேக் முகவரியைக் காட்டுகின்றன. மேக் முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தயாரிப்பாளர் கொடுத்த முகவரி இல்லை, கருவியில் உருவாக்கப்பட்டது என்று கண்டுகொள்ளலாம். ஆனாலும் அதே வைஃபையில் பெரும்பாலும் அதே முகவரியே திரும்பத் திரும்ப வருவதால், ஒரே வீட்டு லாக்கில் ஆளை அடையாளம் காண்பது கடினமில்லை. டிஎன்எஸ் கேள்விகளை, அதாவது தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்பவற்றையும் எழுதும்படி டிஎன்எஸ்மாஸ்க்கில் ஒரு தேர்வு உண்டு; அதைப் போட்டால் யார் எந்தத் தளத்தைத் தேடினார்கள் என்பதும் சேரும். பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் அதை நான் போடவில்லை. விடுதி, வாடகை அறை போன்ற இடங்களில் லாக் எழுதப்படுகிறது, இத்தனை நாள் வைத்திருப்போம் என்று அங்கிருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

எத்தனை நாள் வைத்திருப்பது? வீட்டுக்கு இரண்டு வாரம் போதும் என்பது என் அனுபவம். நிறுவனங்களுக்கு அப்படி விட முடியாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, சேவை வழங்குநர்கள், தரவு மையங்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் ஆகியவை தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கைத் தொடர்ந்து 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது. கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. ரேமில் சுற்றும் 64 கிலோபைட்டை வைத்து 180 நாளைக் காட்ட முடியாது என்பதால், அலுவலக வைஃபையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வெளிக்கணினிக்கு அனுப்பும் வழி தவிர நடைமுறையில் வேறு இல்லை.

எல்லாம் அமைத்த பிறகு சோதித்துப் பார்க்காமல் எழுந்து போகாதீர்கள். ரூட்டரின் கட்டளைத் திரையில் லாகர் என்ற கட்டளையோடு ஏதாவது ஒரு சொல்லைக் கொடுத்தால் அது ஒரு வரியாக லாக்கில் விழும். நான் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் கொடுப்பேன். அந்தச் சொல் பெறும் கணினியின் கோப்பில் வந்திருக்கிறதா பாருங்கள். பிறகு ரூட்டரின் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். நிர்வாகப் பக்கத்து மறுதொடக்கப் பொத்தானை அழுத்தாதீர்கள், உண்மையில் பிடுங்குங்கள். ஒரு நிமிடம் கழித்துச் செருகி, எழுந்த பிறகு இன்னொரு சொல்லை அனுப்புங்கள். முதல் சொல்லும் இரண்டாம் சொல்லும், நடுவில் அந்த இடைவெளியும் கோப்பில் தெரிந்தால் உங்கள் லாக் வேலை செய்கிறது.

அக்கா வீட்டுக்கு அதே 12 வோல்டில், அதே ஆம்பியரில் புது அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். மோட்டார் இன்னும் ஏழு மணிக்குத்தான் ஓடுகிறது. ராஸ்பெரி பையில் அந்த நேரத்து வரிகளை இரண்டு வாரம் தினமும் பார்த்தேன். நடுவில் எங்கும் அறுபடவில்லை.